நான்பரெல் மணி: விப்பிங் கிரீம் மேல் சாயம் இறங்குது, என்ன பண்ணலாம்?

கோவை_ஓவன்

வணக்கம். வீட்டிலேயே கேக் போட்டுக் கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பிறந்தநாளுக்கு ஒன்றரைக் கிலோ வெனிலா, வெள்ளை விப்பிங் கிரீம், பக்கவாட்டு முழுக்கப் பொடிக் கலர் மணி. காலையிலேயே முடித்து ஃபிரிட்ஜில் வைத்தாச்சு. சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் சிவப்பும் நீலமும் கண்மை கலைந்த மாதிரி கீழே வழிந்து நிற்கிறது. ஆர்டர் கொடுத்த அம்மா முகம் போன போக்கைச் சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டு ரெசிபியில் இதை நான்பரெல் என்று போட்டிருக்கிறார்கள். இங்கே பேக்கிங் சாமான் கடையில் குச்சி, மணி, நட்சத்திரம், முத்து எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஸ்பிரிங்கிள்ஸ். நான்பரெல் என்பது தனியாக ஏதாவது உயர்ந்த சரக்கா? அதை வாங்கினால் சாயம் இறங்காதா? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு ஆர்டர் கையில் இருக்கு.

மாவுக்கை

தனிச் சரக்கெல்லாம் இல்லைம்மா. நீங்கள் வாங்கினதே நான்பரெல்தான். பொடிசாக, உருண்டையாக, பளபளப்பில்லாமல் இருக்கிற சர்க்கரை மணிக்கு அதுதான் பெயர். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ்’ என்பார்கள். நீளக் குச்சியாக வருவது அமெரிக்காவில் சில ஊர்களில் ஜிம்மீஸ். மினுமினுப்புப் பூச்சோடு வருகிற பெரிய முத்து டிராஜே.

சாயம் இறங்கினதுக்கு விலை காரணமில்லை. அந்த மணியில் இருப்பது சர்க்கரையும் ஸ்டார்ச்சும். உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும், கலர் மேலே கடைசியாகப் போட்ட சில பூச்சில் மட்டும். ஒன்றை நகத்தால் உடைத்துப் பாருங்கள், தெரியும். ஆக முதல் துளி ஈரம் படுகிற இடத்திலேயே மொத்தச் சாயமும் உட்கார்ந்திருக்கு. விப்பிங் கிரீமில் தண்ணீர் உண்டு. போதாக்குறைக்கு ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் நம்ம ஊர்க் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் குளிர்ந்த கேக் மேல் வேர்த்து நிற்கும். அப்புறம் வழியாமல் என்ன செய்யும்?

குச்சி வகையில் கொஞ்சம் எண்ணெய்க் கொழுப்பும் சேர்ப்பார்கள். அதனால் அது இத்தனை சீக்கிரம் கரையாது. கேக் மாவுக்குள்ளேயே கலர் புள்ளி வரணும் என்றால் குச்சிதான் போடணும். மணியைப் போட்டுக் கலக்கினால் மாவு முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும்.

ஞாயிறு ஆர்டருக்கு மூன்று வழி. ஒன்று, டெலிவரிக்கு அரை மணி முன்னால் தூவுங்கள். இரண்டு, பட்டர்கிரீமுக்கு மாறுங்கள், கொழுப்பு அதிகம், தாங்கும். மூன்று, எனக்குப் பிடித்தது: உருக்கிய சாக்லேட்டைச் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே மணியை அழுத்திப் பதித்து, இறுகவிட்டு, அந்த வட்டுகளைக் கேக்கில் ஒட்டிவிடுங்கள். சாக்லேட்டில் தண்ணீர் இல்லை, மணி அப்படியே நிற்கும்.

கோவை_ஓவன்

சாக்லேட் வட்டு யோசனை நல்லா இருக்குக்கா. குழந்தைகள் தனியாகவே பிய்த்துத் தின்னும் போல.

மாவுக்கை

தின்னத்தான் செய்யும். அது தனி மிட்டாயாகவே விற்கிற சங்கதி. அமெரிக்கத் தியேட்டர்களில் ஸ்னோ-கேப்ஸ் என்று கறுப்பு வட்டு, வெள்ளை மணி. ஆஸ்திரேலியாவில் ஃப்ரெக்கிள்ஸ், இங்கிலாந்தில் ஜாஸீஸ். மூன்றும் ஒன்றுதான்.

சும்மா_வந்தவன்

கேக்கில் எனக்குத் தின்னத்தான் தெரியும். ஆனால் இந்தப் பெயர் தெரியும். நான்பரெல் என்றால் பிரெஞ்சில் ‘நிகரில்லாதது’. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மாக்பெத், பாங்க்வோவைக் கொன்றுவிட்டு வந்து நிற்கிற அடியாளைப் பார்த்து, அவன் மகன் ஃபிளீயன்ஸையும் முடித்தது நீயே என்றால் நீதான் நான்பரெல் என்கிறான். கொலைகாரனுக்குக் கொடுக்கிற பட்டம் கேக் மேல் தூவுகிற மணிக்கு!

குத்துச்சண்டையிலும் உண்டு. ஜாக் டெம்ப்ஸி என்றால் எல்லாரும் 1920களின் ஹெவிவெயிட் ஆளைத்தான் நினைப்பார்கள். அவருக்கு முன்னால் இன்னொரு ஜாக் டெம்ப்ஸி இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவர், மிடில்வெயிட் சாம்பியன், பட்டப்பெயரே ‘நான்பரெல்’. 1891 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸிடம் தோற்றார், 1895இல் இறந்தும் போனார். பின்னால் வந்தவர் அவர் பெயரையே வாங்கி வைத்துக்கொண்டு அவரை விடப் பெரிய ஆளாகிவிட்டார்.

பழைய_அச்சு

அச்சுத் தொழிலில் இருந்தவன் என்கிற முறையில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்லும் வழக்கம் வருவதற்கு முன் ஆங்கில எழுத்துகளுக்கு அளவுக்கு ஒரு பெயர் இருந்தது. பைக்கா என்பது இன்றைய 12 பாயிண்ட். அதில் சரிபாதி, 6 பாயிண்ட், அதன் பெயர் நான்பரெல். செய்தித்தாளின் வரி விளம்பரத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்போமே, கிட்டத்தட்ட அந்த அளவு.

ஐரோப்பியச் சமையலில் கேப்பர் என்று ஒரு மொட்டை உப்பில் ஊறப்போட்டு விற்பார்கள். அதையும் அளவு பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். 7 மில்லிமீட்டருக்கு உட்பட்ட பொடி மொட்டு நான்பரெல், விலையும் அதற்குத்தான் கூடுதல். அதற்கு மேலே போகப் போகப் பெயர் மாறும், விலை இறங்கும்.

ஆக இந்தப் பட்டம் கிடைத்ததெல்லாம் பொடிசுக்குத்தான்.

கணக்கு_வாத்தியார்

//ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ்//

நூறும் ஆயிரமும் என்று சொல்வது ரொம்பக் குறைச்சல் மதிப்பீடு. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மணி என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 0.52 கன மில்லிமீட்டர். சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்ந்த அடர்த்தி தோராயமாக 1.5. எடை 0.8 மில்லிகிராம். கிராமுக்கு ஏறக்குறைய 1,250 மணி. ஒரு டீஸ்பூனில் 4 கிராம் பிடித்தால் 5,000. கோவை அம்மா வாங்கின 100 கிராம் டப்பாவில் ஒன்றேகால் லட்சம்.

அதே மணி ஒன்றரை மில்லிமீட்டராக இருந்தால் கிராமுக்கு 375தான். விட்டம் கொஞ்சம் கூடினாலே எண்ணிக்கை இப்படிச் சரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோளத்தின் கன அளவு நடத்த இதை விட நல்ல கணக்கு கிடையாது. பரிசோதனை முடிந்ததும் தின்றும் விடலாம்.

பெல்லட்_பாண்டி

இழையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஹைதராபாத்தில் மருந்து பெல்லட், அதாவது கேப்ஸ்யூலுக்குள் போடுகிற பொடி உருண்டை, தயாரிக்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு நான்பரெல் என்றால் கேக் ஞாபகமே வராது. ‘நான்பரெல் சீட்ஸ்’ என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற மூலப்பொருள். மருந்தியல் நூலில் அதன் பெயர் ‘ஷுகர் ஸ்ஃபியர்ஸ்’. அமெரிக்கத் தரநூல்படி அதில் சர்க்கரை 62.5 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 91.5ஐத் தாண்டவும் கூடாது. மீதி பெரும்பாலும் ஸ்டார்ச்.

உங்கள் வீட்டில் யாராவது அல்சருக்கு ஒமெப்ரசோல் கேப்ஸ்யூல் போட்டால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், பொடிப் பொடியாக வெள்ளை மணி கொட்டும். பெரும்பாலும் அதன் நடுவில் இருப்பது கேக்கில் தூவுகிற அதே சாதிச் சர்க்கரை மணிதான்.

எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். முதலில் சர்க்கரைப் பரலைச் சலித்து ஒரே அளவாக எடுப்பார்கள். சாய்ந்து சுழலும் வாயகன்ற பேனில் அதைக் கொட்டுவார்கள். சுழலச் சுழல மேலே பாகைக் கொஞ்சமாகத் தெளிக்கணும். எல்லாப் பரலும் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். அந்த நேரம் பார்த்துச் சோள மாவைத் தூவணும். சூடான காற்று விட்டு உலர்த்தணும். மறுபடி பாகு, மறுபடி மாவு. சதுரமாக இருந்த பரல் உருண்டு உருண்டு மூலை மழுங்கி, பூச்சு ஏற ஏறக் கோளமாகும். இடையிடையே இறக்கிச் சலிக்கணும்.

பாகு ஒரு கரண்டி கூடினால் ஒட்டிக்கொண்ட இரட்டைகள் வரும். மாவு கூடினால் ஒட்டாமல் தூசியாகப் பறக்கும். பழைய ஆபரேட்டர்கள் பேனுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார்கள். மணி கையை விட்டு வழுக்கிக்கொண்டு ஓடினால் உலர்ந்தாச்சு, அடுத்த பாகு ஊற்றலாம். கையிலேயே தங்கினால் பொறுக்கணும். மீட்டர் காட்டுவதற்கு முன்னால் அவர்கள் கை சொல்லிவிடும்.

எங்களுக்கு அதிகம் ஓடுவது 20-25 மெஷ் (சல்லடைக் கண்ணின் அளவு) சரக்கு, அதாவது 0.71 முதல் 0.85 மில்லிமீட்டருக்குள். மேலே ஒரு சல்லடை, கீழே ஒரு சல்லடை. பெரிசு மேலேயே நின்றுவிடும், பொடிசு கீழே விழுந்துவிடும். நடுவில் தங்குவதுதான் சரக்கு. மணிக்கு மணி அளவு மாறினால் மேலே ஏறுகிற மருந்தின் அளவும் மாறும், பேட்ச் ஃபெயில். பெயர்தான் நிகரில்லாதது. எங்கள் சல்லடையில் தனித்து நிற்கிற மணிக்கு இடமே கிடையாது.

இந்த மணி மேல் மருந்தை ஏற்றுகிற பழக்கம் புதிசு இல்லை. 1952இல் அமெரிக்காவில் ஸ்மித், க்ளைன் அண்ட் ஃப்ரெஞ்ச் கம்பெனி ஸ்பான்ஸ்யூல் என்ற கேப்ஸ்யூலை இறக்கியது. சர்க்கரை மணி மேல் மருந்து, அதன் மேல் சில மணிகளுக்கு மெல்லிய பூச்சு, சிலவற்றுக்குத் தடித்த பூச்சு. மெல்லியது முதலில் கரையும், தடித்தது பிறகு. காலையில் ஒன்று போட்டால் நாள் முழுக்க வேலை செய்யும். நேரம் எடுத்துக் கரைகிற கேப்ஸ்யூல் வியாபாரம் அங்கேதான் சூடுபிடித்தது.

அரைவேக்காடு

பாண்டி அண்ணே, என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கும் ஒமெப்ரசோல் எழுதியிருக்கிறார்கள். உள்ளே சர்க்கரை உருண்டை என்கிறீர்களே, பயமா இருக்கே?

பெல்லட்_பாண்டி

பயப்பட வேண்டாம் தம்பி. ஒரு கேப்ஸ்யூலுக்குள் மணி, மருந்து, பூச்சு எல்லாம் சேர்ந்தே சில நூறு மில்லிகிராம்தான். அதில் சர்க்கரை கால் கிராம்கூடத் தேறாது. அரை டீஸ்பூன் சீனியிலேயே இரண்டு கிராம் இருக்கு. சர்க்கரையே வேண்டாம் என்று செல்லுலோஸில் செய்த உருண்டையை வைத்துத் தயாரிப்பதும் உண்டு. சந்தேகமிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். கேப்ஸ்யூல் விழுங்க முடியவில்லை என்று பிரித்து, அந்த மணியை மென்று தின்னவோ அம்மியில் பொடிக்கவோ கூடாது. ஒமெப்ரசோலுக்கு அமிலம் ஆகாது, வயிற்றிலேயே கெட்டுவிடும். அதனால் வெளியே அமிலத்தில் கரையாத ஒரு பூச்சு போட்டிருப்போம், குடலுக்குப் போன பிறகுதான் அது திறக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பூச்சுக்கே கொஞ்சம் அமில குணம் உண்டு. நேராக மருந்தின் மேல் பட்டால் மணி பழுப்பாகி ஊதா அடிக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே சும்மா ஒரு தடுப்புப் பூச்சு. ஆக ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரத்தில் சர்க்கரை, மருந்து, தடுப்பு, காப்பு என்று நாலு அடுக்கு. மென்றால் அத்தனை வேலையும் வீண்.

லீட்ஸ்_மருமகள்

சாயத்துக்கு வருவோமா? எங்கள் ஊரில் 2021இல் இதே மணியால் ஒரு பெரிய கூத்து நடந்தது. லீட்ஸில் ஒரு பேக்கரிக்காரர் அமெரிக்காவிலிருந்து வந்த கலர் மணியைத் தூவி விற்றுக்கொண்டிருந்தார். அதில் ஈ127 (ஈ என்பது ஐரோப்பாவில் உணவில் சேர்க்கும் பொருளுக்குக் கொடுக்கிற எண்), எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயம். பிரிட்டனில் அதைப் பதப்படுத்திய செர்ரிப் பழத்தில் மட்டும்தான் சேர்க்கலாம், வேறு எதிலும் கூடாது. யாரோ புகார் போட, வியாபார விதிகளைக் கண்காணிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆட்கள் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பிரிட்டிஷ் மணி நிறமும் போதாது, சாயமும் ஓடும் என்று அவர் புலம்பியது உலகச் செய்தியாகிவிட்டது. உங்கள் குறைதான் கோவை அக்கா, அவருக்கும்!

அமெரிக்காவிலும் இப்போது அதற்கு மூடுவிழாதான். 2025 ஜனவரியில் எஃப்டிஏ (அங்கத்து உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) உணவில் ரெட் 3க்கான அனுமதியை எடுத்துவிட்டது, 2027 ஜனவரி வரை அவகாசம். ரெட் 3 என்பது எரித்ரோசினேதான்.

வெள்ளைக்கும் சிக்கல். மணி பளீரென்று வெள்ளையாகத் தெரிய டைட்டானியம் டை ஆக்சைடு, ஈ171, சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவில் அதைத் தடை செய்தது. பிரிட்டனில் இன்னும் செய்யவில்லை. ஒரே கம்பெனி அயர்லாந்துக்கு ஒரு டப்பா, லண்டனுக்கு ஒரு டப்பா என்று போடவேண்டிய நிலை.

நாட்டுச்சக்கரை

இதெல்லாம் வெள்ளைக்காரன் பயம். நாங்கள் சின்ன வயசில் சீரக மிட்டாயை வாய் சிவக்கச் சிவக்கத் தின்றோம். என்ன ஆகிவிட்டது?

லீட்ஸ்_மருமகள்

//என்ன ஆகிவிட்டது?//

அண்ணா, 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது தமிழ்நாடு அரசு. ரோடமின்-பி என்று துணிக்குப் போடுகிற சாயம் அதில் இருந்தது. எல்லாச் சாயமும் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. எது, எவ்வளவு என்று பார்க்கணும். இந்தியாவில் உணவுக்கு அனுமதித்த செயற்கைச் சாயம் எட்டு: பான்சோ 4ஆர், கார்மாய்சின், எரித்ரோசின், டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். பாருங்கள், லீட்ஸில் வம்பு பண்ணின எரித்ரோசின் அங்கே பட்டியலிலேயே இருக்கு. டப்பாவில் சாயத்தின் பெயரோ எண்ணோ போட்டிருந்தால் வாங்கலாம். பிளாஸ்டிக் கவரில் கட்டி எடை போட்டுத் தருகிறவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பெல்லட்_பாண்டி

சாயத்திலேயே இரண்டு ரகம் உண்டு. தண்ணீரில் கரைகிறது ஒன்று. அதையே அலுமினியம் ஹைட்ராக்சைடு மேல் படியவைத்துத் தண்ணீரில் கரையாதபடி செய்த ‘லேக்’ ரகம் ஒன்று. மாத்திரைப் பூச்சுக்கு நாங்கள் லேக்தான் எடுப்போம், கையில் பிடித்தால் விரலில் ஒட்டக்கூடாதே. சில வெளிநாட்டு மணி இறங்காமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். லேபிளில் சாயப் பெயருக்குப் பக்கத்தில் லேக் என்று போட்டிருக்கும். ஆனால் லேக்குக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. ஏற்றி வந்ததெல்லாம் இங்கே செல்லும் என்று நினைக்க வேண்டாம்.

யாழ்_அடுப்படி

நானும் கேக் அடிக்கிறனான், யாழ்ப்பாணத்தில. எங்கட பக்கம் கலர் மணியை விட வெள்ளி முத்துத்தான் கனக்கப் பாவிக்கிறது. கலியாணக் கேக்கெண்டால் அது இல்லாமல் சரிவராது. ஒருக்கா வெளிநாட்டில இருந்து வந்த போத்தலில ‘அலங்காரத்துக்கு மட்டும்’ எண்டு எழுதியிருந்தது. சாப்பிடக் கூடாதெண்டால் பிறகேன் கேக்கில வைக்கிறது? பிள்ளையள் முதல்ல அதைத்தானே கிள்ளித் தின்னுங்கள்.

மாவுக்கை

அது அமெரிக்கச் சரக்காக இருக்கும். உலோக வெள்ளிப் பூச்சு போட்ட டிராஜேவை எஃப்டிஏ உணவாகவே ஏற்றுக்கொள்ளவில்லை, வெறும் அலங்காரம் என்றுதான் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2003இல் ஒரு வக்கீல் கடைகள் மேல் கேஸ் போட்ட பிறகு அந்த மாநிலத்துக்கு அனுப்புவதையே பல கம்பெனிகள் விட்டுவிட்டன. ஐரோப்பாவில் வெள்ளி, ஈ174, மிட்டாயின் மேல்பூச்சுக்கு அனுமதி உண்டு. நம்ம ஊரில் காஜு கத்லி மேல் வெள்ளி இழை ஒட்டியே தின்கிறோம். ஒரே பொருள், மூன்று ஊரில் மூன்று நியாயம்.

இப்போது வருகிற வெள்ளி முத்து பலதில் வெள்ளியே கிடையாது, மைக்கா மினுமினுப்புத்தான். போத்தலில் என்ன எழுதியிருக்கு என்று பாருங்கோ.

நாட்டுச்சக்கரை

சுத்த சைவக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பளபளப்பான மணியில் பூச்சிச் சாறு பூசுகிறார்கள். இதையும் முட்டையில்லாத கேக் என்று சொல்லி விற்கிறார்கள்.

சும்மா_வந்தவன்

அண்ணே, வாட்ஸப்பை விட்டு வெளியே வாங்க.

பெல்லட்_பாண்டி

இல்லை, இதில் அவர் சொல்வதில் விஷயம் இருக்கு. ஷெல்லாக், ஈ904. நம்ம அரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களில் அடையாக ஒட்டி வாழ்கிற பூச்சி தன்னைச் சுற்றிக் கட்டுகிற பிசின். ஜார்கண்டில் பெரிய தொழில். ராஞ்சிப் பக்கம் நாம்கும்மில் 1924இலிருந்து அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மாத்திரை, சாக்லேட், ஆப்பிள் மேல் மெருகு எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. பூச்சியின் உடம்பு இல்லை, அது சுரந்தது. தேனைச் சைவம் என்று ஏற்றுக்கொள்கிறவர் இதையும் ஏற்றுக்கொள்ளலாம். பால், தேன்கூடத் தொடாத வீகன்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. மங்கலாக இருக்கிற சாதா நான்பரெலில் மெருகு பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் கார்னவ்பா மெழுகாக இருக்கும், அது பனை இலையிலிருந்து வருவது. அதை விடப் பார்க்கவேண்டியது ஈ120, கார்மைன். அது பூச்சியையே உலர்த்தி அரைத்து எடுக்கிற சிவப்பு. ‘இயற்கை நிறம்’ என்று எழுதியிருந்தால் சைவக்காரர்கள் அங்கேதான் கண்ணை வைக்கணும்.

நாட்டுச்சக்கரை

நன்றி பாண்டி. வாட்ஸப்பிலும் சில சமயம் உண்மை வரும்.

மெல்பர்ன்_மாமி

இங்கே பிறந்தநாள் என்றால் கேக்குக்கு முன்னால் ஃபேரி பிரெட். வெள்ளை பிரெட்டில் வெண்ணெய் தடவி, மணி கொட்டின தட்டில் முகம் குப்புற அழுத்தி எடுத்து, முக்கோணமாக வெட்டணும். டோஸ்ட் பண்ணினால் அது ஃபேரி பிரெட்டே இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். 1929இல் ஹோபார்ட் பத்திரிகையிலேயே குழந்தைகள் விருந்துக்கு இதைப் போட்டதாகச் செய்தி வந்திருக்கு. நாங்கள் வந்த புதிதில் என் மகள் பள்ளியிலிருந்து வந்து கேட்டபோது, பிரெட்டில் சர்க்கரை மணியா, கண்றாவி என்றுதான் நினைத்தேன். இப்போது பேத்திக்கு நானே போடுகிறேன். வெண்ணெய் ஓரம் வரைக்கும் போகணும், இல்லாவிட்டால் மூலையில் மணி ஒட்டாது. அதுதான் சூட்சுமம்.

நெதர்லாந்தில் இன்னும் விசேஷம். குழந்தை பிறந்தால் வருகிறவர்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி ‘மௌஷெஸ்’ தூவிக் கொடுப்பார்கள். சின்ன எலி என்று அர்த்தம். சோம்பு மாதிரி இருக்கிற அனிஸ் விதைக்குச் சர்க்கரைப் பூச்சு, காம்பு வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பெண் என்றால் இளஞ்சிவப்பும் வெள்ளையும், ஆண் என்றால் நீலமும் வெள்ளையும். 1938இல் இளவரசி பியாட்ரிக்ஸ் பிறந்தபோது அரச குடும்பத்து நிறம் என்று ஆரஞ்சில் போட்டார்களாம்.

அரைவேக்காடு

விதைக்குச் சர்க்கரைப் பூச்சு என்றால் அது நம்ம சீரக மிட்டாய்தானே மாமி? அப்போது நாம் கண்டுபிடித்ததை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்?

மாவுக்கை

தம்பி, உடனே பட்டா போட வேண்டாம். வேலை ஒன்றுதான், நடுவில் இருப்பதுதான் வேறு. சீரக மிட்டாயில் விதை, நான்பரெலில் சர்க்கரைப் பரல். ஐரோப்பாவிலும் முதலில் விதையில்தான் ஆரம்பித்தார்கள். அனிஸ், கேரவே, கொத்தமல்லி விதை எல்லாவற்றுக்கும் சர்க்கரை ஏற்றி காம்ஃபிட் என்று விற்றார்கள். செய்தவர்களில் மருந்துக் கடைக்காரர்களும் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்பாமல் இருக்கத் தின்பது. நாம் ஹோட்டல் கல்லாவில் சோம்பு அள்ளுகிறோமே, அதே கதை.

1600களில் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அகலமான பாத்திரத்தைக் கயிற்றில் கட்டி, கரி அடுப்புக்கு மேலே ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டிருப்பார்கள். விதையைப் போட்டு, ஒரு கரண்டி பாகு ஊற்றி, ஒரு கையால் பாத்திரத்தை ஆட்டி, இன்னொரு கையால் விதையைப் பிசறி உலரவைக்கணும். அப்புறம் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் எல்லாம் ஒரே கட்டி. ஆக, மருந்துக் கடையில் ஆரம்பித்த சரக்கு கேக் கடை எல்லாம் சுற்றிவிட்டுப் பாண்டி வேலை பார்க்கிற இடத்துக்கே திரும்பிப் போயிருக்கு.

பெல்லட்_பாண்டி

ஆட்டுகிற கைக்குப் பதில் மோட்டார் வந்திருக்கு அக்கா. இப்போது அதையும் விட்டுவிட்டு, கீழிருந்து காற்றை ஊதி மணியை அந்தரத்தில் மிதக்கவைத்துப் பூசுகிற வுர்ஸ்டர் மெஷின் வந்தாச்சு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேல் வுர்ஸ்டர் என்ற பேராசிரியர் 1950களில் கொண்டுவந்தது. மருந்தை ஏற்ற அதுதான். ஆனால் வெறும் சர்க்கரை மணி செய்ய இன்னமும் பழைய சுழல் பேன்தான்.

மளிகை_செல்வம்

எல்லாரும் மணியிலேயே நிற்கிறீர்கள். நான் மளிகை மொத்த வியாபாரம். எனக்கு நான்பரெல் என்றால் பாதாம். கலிபோர்னியாவிலிருந்து வருகிற பாதாமில் முதல் ரகத்துக்குப் பெயரே அதுதான். 1870களின் கடைசியில் சுய்சுன் என்ற ஊரில் ஹாட்ச் என்பவர் தன் தோட்டத்து நாற்றில் தேர்ந்தெடுத்த ரகம். இன்றைக்கும் அந்த மாநிலத்தில் அதிகமாக விளைவது அதுவே. இந்தியாதான் அவர்களுக்குப் பெரிய வெளிநாட்டுச் சந்தை, அதிலும் பாதிக்கு மேல் ஓட்டோடு வந்து இங்கே உடைபடுகிறது.

இதில் ஒரு கூத்து உண்டு. நான்பரெல் மரம் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்காது. பக்கத்து வரிசையில் கார்மெல், மான்டரே என்று வேறு ரகம் வைத்தே ஆகணும். பிப்ரவரி மாதம் பூ விரியும்போது அமெரிக்கா முழுக்கவிருந்து லாரி லாரியாகத் தேன்கூட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்குவார்கள். தேனீ இந்த ரகத்துக்கும் அந்த ரகத்துக்கும் பறந்தால்தான் காய். நிகரில்லாதவர் பக்கத்து வீட்டார் இல்லாமல் பிள்ளை பெற முடியாது!

யாழ்_அடுப்படி

செல்வம் அண்ணை, கடையில எல்லாத்தையும் கலிபோர்னியா பாதாம் எண்டுதான் தருகினம். நான்பரெல் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

மளிகை_செல்வம்

பருப்பாக வாங்கினால் தட்டையாக, தோல் வழவழப்பாக, வெளிர் பழுப்பாக இருக்கணும். சுருக்கம் விழுந்து கருத்திருந்தால் வேறு ரகம் கலந்திருக்கு. கலந்து விற்பதொன்றும் குற்றமில்லை, விலையைக் குறைக்கணும், அவ்வளவே.

ஓட்டோடு வாங்கினால் இன்னும் சுலபம். நான்பரெல் ஓடு காகிதம் மாதிரி மெலிசு, இரண்டு விரலால் நசுக்கினாலே உடையும். சுத்தியல் தேடினீர்கள் என்றால் வேறு ரகம். கிலோவுக்கு 650 முதல் 700 கிராம் பருப்பு தேறணும். அந்தக் கணக்கில் பருப்பு விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தீபாவளிக்கு முன்னால் வாங்க வேண்டாம், விலை ஏற்றிவிடுவோம்.